அரட்டை அறையில் மரியாதை: கண்டியிலிருந்து ஒரு வரலாறு

அரட்டை அறை என்பது எழுத்தால் நடக்கும் பேச்சு. கடிதம் எழுதுவதைப்போல் நிதானமாக யோசித்து எழுத அங்கே நேரம் இல்லை. நேர்ப்பேச்சில் கைகொடுக்கும் முகக்குறிப்பும் குரலும் அங்கே இல்லை. அதனால் அரட்டை அறைக்குள் வந்தவர்களுக்கு இரண்டு தேவைகள் ஒருசேர எழுந்தன. விரைவாகச் சொல்லி முடிக்கச் சொற்களைக் குறுக்க வேண்டும். குறுக்கும்போது உதிர்ந்துபோகும் பணிவையும் அன்பையும் வேறு ஏதாவது வழியில் காட்டியாக வேண்டும். சுருக்கெழுத்தும் நடத்தை நெறியும் இப்படித்தான் சேர்ந்தே வளர்ந்தன. கண்டி நகரமும், அதற்குக் கிழக்கே மகாவலியின் பக்கமாக அமைந்த குண்டசாலை, பல்லேகல, திகன ஆகிய ஊர்களும் இந்த வளர்ச்சியின் நல்ல கட்டங்களையும் மிகக் கொடிய கட்டம் ஒன்றையும் கண்டவை.

சொல்லைக் குறுக்கும் பழக்கம் இணையத்துக்கு மிகவும் மூத்தது. இலங்கையின் முதல் தந்தித் தொடர்பு 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தொடங்கியது. கண்டிச் சீமையின் மலைகளில் அப்போது கோப்பி விளைந்துகொண்டிருந்தது. விலையும் கப்பல் வரவும் தெரிந்துகொள்ளத் தந்தி தேவைப்பட்டது. கட்டணமோ சொல் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே அனுப்புபவர் இணைப்புச் சொற்களையும் வாழ்த்தையும் வெட்டினார். தமிழில் சொல்ல நினைத்ததை ஆங்கிலத்தில் மாற்றியோ ஆங்கில எழுத்தில் எழுதியோதான் அனுப்ப முடிந்தது. தமிழ் வீடுகளில் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்ற அச்சம் குடிகொண்டதற்கு, அந்தத் தாளில் ஆறுதல் சொல் ஒன்றுக்கும் இடமில்லாமல் போனதும் ஒரு காரணம். கம்பியின் இரு முனைகளிலும் இருந்த தந்தியாளர்களின் வழக்கமோ வேறு. அவர்கள் வாழ்த்தை விட்டுவிடவில்லை, அதையே சுருக்கினார்கள். அமெரிக்கச் செய்தித் தந்திக்காக வால்டர் பிலிப்ஸ் 1879இல் வெளியிட்ட சுருக்கக் குறிமுறை ஆயிரக்கணக்கான சொற்களைச் சில எழுத்துகளாக்கியது. விடைபெறும் நல்வாழ்த்துக்கு 73, அன்பைத் தெரிவிக்க 88 என்ற எண்கள் தந்தியாளர்களிடையே வழங்கின. வானொலி ஆர்வலர்கள் அவற்றை இன்றும் அனுப்புகிறார்கள். எவ்வளவு சுருக்கினாலும் வந்ததும் ஒரு வணக்கம், போகும்போது ஒரு விடை என்ற வழக்கம் அங்கே உறுதியாக நின்றது.

கணினி வழியாகப் பலர் ஒரே நேரத்தில் பேசும் அறை முதலில் உருவானது 1973இல். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பின்மேல் டக் பிரவுனும் டேவிட் வுல்லியும் எழுதிய டாக்கமேட்டிக்கில் ஓர் அறைக்கு ஐந்து பேர் சேரலாம். விசையை அழுத்த அழுத்த ஒவ்வோர் எழுத்தும் மற்றவர் திரையில் தோன்றியது. தடுமாற்றமும் அழித்து எழுதியதும்கூடத் தெரிந்தன. பின்னர் யுனிக்ஸ் கணினிகளில் வந்த 'டாக்' என்ற கட்டளையும் அப்படியே: திரை இரண்டாகப் பிளந்து, மேலே ஒருவர், கீழே ஒருவர். இதில் யார் எப்போது பேசி முடித்தார் என்பது தெரியாது. எனவே முடித்தவர் ஒரு வெற்று வரி விட வேண்டும், அதைக் கண்ட பிறகே மற்றவர் தொடங்க வேண்டும் என்ற முறை தானாகவே உருவானது. மரியாதை என்று பின்னாளில் எழுதிவைக்கப்பட்ட பலவும் இப்படிக் கருவியின் குறையை ஈடுகட்ட எழுந்தவைதாம்.

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் 1988 ஓகஸ்ட்டில் எழுதிய ஐ.ஆர்.சி. என்ற அரட்டை நிரல்தான் அரட்டை அறையை உலகப் பழக்கமாக்கியது. # என்ற குறியோடு தொடங்கும் பெயருடைய அறைக்குள் யாரும் ஒரு புனைபெயரோடு நுழையலாம். அறையை முதலில் திறந்தவர் அதன் பொறுப்பாளர் ஆவார். அவர் பெயருக்கு முன் @ குறி நிற்கும். தொல்லை தருபவரை வெளியேற்றவும், திரும்பி வராமல் தடுக்கவும், அறையில் குறிப்பிட்டவர் மட்டும் பேசும்படி அமைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு செய்திக்கு 512 பைட் எல்லை. அதிலும் ஒரு பகுதி முகவரிக் குறிப்புக்குப் போய்விடும். ஒருவர் தொடர்ந்து வரிகளைக் கொட்டினால் அவருடைய தொடர்பைச் சேவைக் கணினியே துண்டித்துவிடும். இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது பொறுப்பாளர் அறைக்குள்ளேயே இருந்தார் என்பது. அறையில் பேசப்பட்ட மொழி அவருக்குத் தெரிந்திருந்தது. யார் கேலி செய்கிறார், யார் காயப்படுத்துகிறார் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார்.

நெறிகளைத் தொகுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். வர்ஜீனியா ஷே 1994இல் இணைய நடத்தை பற்றி ஒரு தனி நூல் வெளியிட்டார். இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்ப்ரிட்ஜ் 1995 ஒக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணத்தை எழுதினார். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பது கத்துவதற்குச் சமம் என்ற, இன்றைக்குப் பிள்ளைகளும் அறிந்த விதி அதில் உண்டு. அரட்டைக்கென்று அது சொல்பவை இன்னும் நுட்பமானவை: அறைக்குள் வந்ததும் முதலில் கொஞ்ச நேரம் கவனித்து அங்குள்ளோரின் வழக்கத்தை அறிய வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டியதில்லை, பொதுவாக ஒரு வணக்கம் போதும், புனைபெயரில் இருப்பவரின் மறைவை மதிக்க வேண்டும், இருவர் உரையாடலில் விடைபெற்று, எதிரிலிருப்பவரும் விடைபெறும்வரை காத்திருந்தே தொடர்பை முடிக்க வேண்டும். சபையில் நுழைந்தவர் கைகூப்பி அமர்வது, 'போய்ட்டு வாறேன்' என்று சொல்லாமல் படியிறங்காதது ஆகியவற்றில் வளர்ந்த தமிழருக்கு இவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை.

சுருக்கங்கள் இதே காலத்தில் பெருகின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டெம்பர் 19இல் முன்மொழிந்த :-) குறி, விளையாட்டாகச் சொன்னதை வினையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வந்தது. சிரிப்பைக் குறிக்கும் 'எல்.ஓ.எல்.' 1989இலேயே சுருக்கங்களின் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றது; 2011இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஏறியது. சிறிது நேரத்தில் திரும்புவேன் என்பதற்கு 'பி.ஆர்.பி.', போக வேண்டும் என்பதற்கு 'ஜி.டி.ஜி.', விசைப்பலகை அருகில் இல்லை என்பதற்கு 'ஏ.எஃப்.கே.'. இவற்றில் பல, காத்திருப்பவரை வீணாகக் காக்கவைக்கக் கூடாது என்ற அக்கறையிலிருந்து பிறந்தவை. சுருக்கெழுத்தைச் சோம்பலின் அடையாளமாக மட்டும் பார்ப்பது சரியல்ல.

இலங்கைக்கு இணையம் பல்கலைக்கழகங்கள் வழியாக வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று அமைத்த லேர்ன் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் தொலைபேசி வழி மின்னஞ்சலாக ஆரம்பித்து, பேராதனை உட்படப் பல வளாகங்களை இணைத்தது. அதன் இயக்க நிலையம் பின்னர் பேராதனையிலேயே அமைந்தது. 1995இல் லங்கா இன்டர்நெட் முதல் வணிக இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி கிடைப்பதே அரிதான காலம் அது. சன்டெல், லங்கா பெல் ஆகிய கம்பியில்லாத் தொலைபேசி நிறுவனங்கள் 1996இல் வந்த பிறகே நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. ஆகவே அரட்டை அறைகளில் முதலில் நிறைந்த இலங்கையர் பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். அவர்களை ஓரிடத்தில் கூட்டியது கிரிக்கெட்.

ஐ.ஆர்.சி.யில் #கிரிக்கெட் என்ற அறை 1990களின் தொடக்கத்தில் இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மாணவர்களின் கூடுமிடமாக இருந்தது. அமெரிக்காவில் கிரிக்கெட்டைத் தொலைக்காட்சியிலோ நாளிதழிலோ காண வழியில்லை. வானொலி கேட்கக்கூடிய இடத்தில் இருந்த ஒருவர் ஒவ்வொரு பந்தாக அடிப்பார். மற்றவர்கள் நள்ளிரவிலும் அதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் 1993இல் தொடங்கிய கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் தளம் இந்த அறையிலிருந்துதான் வளர்ந்தது. யார் வந்தாலும் முதலில் கேட்பது 'ஸ்கோர் என்ன?' என்பதே. அதை நூறு பேர் கேட்டால் அறை அதிலேயே மூழ்கிவிடும். கேட்பவருக்குத் தனியாக ஓட்ட எண்ணிக்கையைத் தரும் தானியங்கி நிரல் ஒன்றை எழுதிவைத்ததால் பொது அறையில் பேச்சு தடையின்றி நடந்தது. ஒரு நிரலே அறையின் ஒழுங்கைக் காத்த தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

கிரிக்கெட் அறைக்குச் சுருக்கெழுத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி, விக்கெட்டுக்கு ஓர் எழுத்து, கால்காப்பில் பட்டு ஓடியதற்கு இரண்டெழுத்து, பிடித்தவர் பெயருக்கும் வீசியவர் பெயருக்கும் முன்னால் ஒவ்வோர் எழுத்து என மைதானத்துப் புள்ளிப் புத்தகம் நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திய குறிகளே திரைக்கு வந்தன. மூன்று நாட்டினரும் ஒருவரை ஒருவர் வெல்ல விரும்பிய அறையில், நாட்டையும் மதத்தையும் இழுக்காமல் பந்தைப் பற்றி மட்டும் பேசப் பழகுவது சின்னக் காரியமல்ல. 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை ஒஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தை எடுத்தது. அந்த அணியில் பந்துவீசிய முத்தையா முரளிதரன் குண்டசாலையின் நத்தரம்பொத்தையைச் சேர்ந்த கண்டித் தமிழர். அவருடைய ஊருக்கு அருகே, பல்லேகலவில் 2009 நவம்பரில் திறக்கப்பட்ட சர்வதேச மைதானத்தில் 2010 டிசெம்பர் 1இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் டெஸ்ட் தொடங்கியபோது, பந்துக்குப் பந்து எழுத்து வருணனை உலகெங்கும் வாசிக்கப்படும் இயல்பான செய்தி வடிவமாகியிருந்தது. அந்த வடிவத்தின் தொடக்கம் அந்த மாணவர் அறைதான்.

கிரிக்இன்ஃபோவை வளர்த்த நிறுவனர்களில் ஒருவர் பத்ரி சேஷாத்ரி. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்த அவர் 2004இல் சென்னையில் நியூ ஹொரைசன் மீடியாவைத் தொடங்கினார். கிழக்கு பதிப்பகம் அதைச் சேர்ந்தது. அந்நிறுவனம் இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர், ஆங்கில எழுத்து விசைகளை அடித்தே கணினியில் தமிழ் வரவைக்கப் பலருக்கு உதவியது.

தமிழ் எழுத்து அரட்டைக்குள் வந்த பாதை நீளமானது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல இருந்தும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைப் பின்பற்றின. இலங்கையில் பாமினி பரவியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை. பாமினியில் எழுதியது வேறு எழுத்துருவில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். புலம்பெயர்ந்தோரும் ஆர்வலர்களும் கூடிப் பேசி உருவாக்கிய 'திஸ்கி' குறியீடும், 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டு முடிவுகளும் ஓரளவு ஒற்றுமை தந்தன. யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும் சாதாரணக் கணினியில் அது புழக்கத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. இலங்கை தனது தமிழ்க் கணினித் தரத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்ற எண்ணில் 2008இல் வெளியிட்டது. பழைய தட்டச்சாளர்களுக்குப் பழகிய ரெங்கநாதன் விசை அமைப்பை அது ஏற்றது. அதற்குள் ஒரு தலைமுறையே ஆங்கில எழுத்தில் தமிழ் அரட்டை அடித்துப் பழகிவிட்டது.

ஆங்கில எழுத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடும். ஆனால் ஒலிக் குழப்பத்தைவிடப் பெரிய சிக்கல் மரியாதையில் இருந்தது. தமிழில் மரியாதை வினையின் ஈற்றில் தங்கியிருக்கிறது. 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் இடையே உள்ள தூரம் உறவையே மாற்றிவிடும். சுருக்கத் தொடங்கும் கை முதலில் வெட்டுவது சொல்லின் ஈற்றையே. மெய்யெழுத்துகளை மட்டும் அடித்து உயிரை விடும் ஆங்கிலப் பாணியில் எழுதினால் பெரியவரை ஒருமையில் அழைத்ததுபோல் ஆகும். ஆகவே தமிழ் அறைகளில் வினையின் ஈறு பெரும்பாலும் முழுதாகவே நின்றது. சுருங்கியவை பெயர்களும் ஆங்கிலச் சொற்களும். அந்த ஈறே பேசுபவரின் ஊரையும் காட்டிக்கொடுத்தது. 'சொல்லுங்கோ' என்றால் யாழ்ப்பாணப் பக்கம், 'சொல்லுங்க' என்றால் மலையகமோ தமிழ்நாடோ என்று மற்றவர்கள் ஊகித்தார்கள்.

உறவுமுறைப் பெயர்கள் மீதிக் குறையைத் தீர்த்தன. முகம் தெரியாதவரைப் புனைபெயரால் மட்டும் அழைப்பது தமிழ் நாவுக்குக் கூசும். அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி ஆகியவை புனைபெயரோடு ஒட்டிக்கொண்டன. கண்டிப் பகுதி முஸ்லிம்களிடையே மூத்தவருக்கு நானா, பெண்களுக்குத் தாத்தா அல்லது ராத்தா. ஒத்த வயதினரிடம் மச்சான். சிங்களத்திலும் அதே சொல் வழங்குவதால் கலப்பு அறைகளில் அது பொதுச்சொல்லாகவே நின்றது. உலக அரட்டை அறைகளில் வயது, பால், ஊர் மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் 'ஏ.எஸ்.எல்.' என்ற மூன்றெழுத்துக் கேள்வி நாகரிகமற்றதாகப் பெயரெடுத்தது. தமிழர்களுக்கோ வயது தெரியாமல் எப்படி விளிப்பது என்ற உண்மையான தேவை இருந்தது. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஊர்ப்பெயர் கேட்பது மட்டும் கனமான கேள்வி. ஊரைச் சொன்னால் இனமும் சார்பும் ஊகிக்கப்படும் என்பதால், அதற்குப் பதில் வராவிட்டால் மீண்டும் கேட்காதிருப்பதே பண்பாகக் கருதப்பட்டது.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்குக் கண்டியின் தெற்குப் பக்கத்தில் வித்தியாசமான ஒரு முயற்சி நடந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோ உதவியோடு 1990களின் இறுதியில் இணைய இணைப்புப் பெற்றது. கிராமத்தவர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் நேரடி ஒலிபரப்பில் இணையத்தைத் தேடி, துறை அறிந்த ஒருவரை அருகில் வைத்து விளக்கம் சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கப்பட்டது. கேட்பவரின் மொழியறிந்த ஒருவர் நடுவில் நின்று, வந்ததைச் சரிபார்த்துச் சொன்ன இந்த முறை பிற்காலத்தில் தொடராமல் போனது பெரிய இழப்பு. பின்னர் 2003இல் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நாடெங்கும் நெனசல என்ற பொது இணைய நிலையங்களை நிறுவியது. நகரங்களில் நெட் கஃபேக்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கின. யாஹூ, எம்.எஸ்.என். மெசஞ்சர்களில் உலாவிய இளைஞர்களுக்கு ஓடும் கடிகாரமே சுருக்கெழுத்துக்குக் காரணமாயிற்று. யாஹூ தனது பொது அரட்டை அறைகளை 2012 டிசெம்பரில் மூடியது.

அதற்குள் கைத்தொலைபேசி எல்லார் கைக்கும் வந்திருந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் எல்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதில் 160 எழுத்து அடங்கும்; தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 இடம் மட்டுமே. புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பதால் 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஏழு இடம் போகும். 'வா' என்று அழைக்க இரண்டு இடம், 'வாருங்கள்' என்று அழைக்க ஒன்பது. மரியாதைக்கு இவ்வளவு நேரடியாக விலை வைத்த கருவி வேறெதுவும் தமிழருக்கு வாய்க்கவில்லை. முத்து நெடுமாறன் 2005இல் சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டுக் கைத்தொலைபேசியில் தமிழ் எழுத வழி திறந்தபோதும், செலவை எண்ணிப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்திலேயே தொடர்ந்தார்கள்.

2009இல் தொடங்கி 2011இல் குழு வசதி பெற்ற வட்ஸ்அப் இந்தக் கணக்கை மாற்றியது. எழுத்துக்குக் காசில்லை, நீளத்துக்கு நடைமுறையில் எல்லையில்லை. பழைய ஐ.ஆர்.சி. அறையில் ஆர்வம் பிடித்தவர்கள் புனைபெயரோடு வந்தார்கள். இதில் குடும்பம், பாடசாலைப் பழைய மாணவர், பள்ளிவாசல், கோவில் பரிபாலன சபை, தெருவார் என ஏற்கெனவே அறிந்தவர்கள் சொந்தத் தொலைபேசி எண்ணோடு கூடினார்கள். புதுப் பழக்கங்கள் பிறந்தன. விடியற்காலையில் பூப்படத்தோடு காலை வணக்கம். பிறந்தநாள் வாழ்த்து ஒன்று வந்தால் எல்லாரும் வாழ்த்துவது. சாவு அறிவித்தலோ ஜனாஸா அறிவித்தலோ வந்த பின் சிறிது நேரம் வேறு வேடிக்கை போடாதிருப்பது. கடைசிப் பழக்கம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. சாவு வீட்டு ஒழுக்கம் அப்படியே திரைக்குள் வந்திருக்கிறது. முஸ்லிம் குழுக்களில் ஸலாமைச் சில எழுத்துகளாகச் சுருக்குவது பற்றி வாதம் எழுந்தது. அது ஒரு துஆ, அதாவது இறைவேண்டல், ஆகவே முழுதாக எழுதுவதே முறை என்று மார்க்க அறிஞர்கள் சிலர் வலியுறுத்தினார்கள். 2014 நவம்பரில் செய்தியை வாசித்ததைக் காட்டும் நீலக் குறி வந்த பிறகு, வாசித்தும் பதிலளிக்காதிருப்பது புதிய மனக்குறையாயிற்று.

இந்தக் குழுக்களில் அட்மின் என்ற பொறுப்பாளர் உண்டு. ஆனால் பழைய @ குறிக்காரருக்கு இருந்த அதிகாரத்தில் பாதியும் அன்று அவருக்கு இல்லை. ஒருவரை நீக்கலாம், மற்றவர் அனுப்பியதை அழிக்க முடியாது. அதைவிட முக்கியமானது முன்னனுப்பும் வசதி. ஓர் அறையில் சொன்ன சொல் அந்த அறையோடு நின்ற காலம் முடிந்து, ஒரே தட்டலில் பல குழுக்களுக்குப் போகும் காலம் வந்தது. யார் முதலில் சொன்னார் என்பது தெரியாமலே செய்தி ஓடியது.

அதன் விளைவைப் பல்லேகல, திகனப் பகுதி மக்கள் 2018 மார்ச்சில் அனுபவித்தார்கள். அருகிலுள்ள தெல்தெனியவில் பெப்ரவரி 22இல் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3இல் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து திகனவில் தொடங்கிய வன்முறை முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம்வரை பரவியது. திகனவில் எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் இறந்தார். கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தெல்தெனிய, பல்லேகலப் பொலிஸ் பிரிவுகளில் அது மீண்டும் விதிக்கப்பட்டது. மார்ச் 6இல் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஆட்களைத் திரட்டும் அழைப்புகளும் வெறுப்புக் காணொளிகளும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றியதால் மார்ச் 7இல் அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை முடக்கியது. சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகே தடை நீங்கியது. அந்த நாட்களில் வி.பி.என். செயலிகளைத் தரவிறக்கித் தடையைத் தாண்டியவர்கள் ஏராளம். உறவினர் பத்திரமா என்று கேட்க வழியில்லாமல் தவித்தவர்களும் அதே தடையால்தான் தவித்தார்கள்.

வெறுப்புப் பதிவுகள் நீக்கப்படாமல் நின்றதற்கு மொழி ஒரு பெரிய காரணம். சிங்களம் அறிந்த கண்காணிப்பாளர்கள் பேஸ்புக் நிறுவனத்தில் போதிய அளவு இருக்கவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களத்தையும் தமிழையும் தானியங்கிகளால் பிடிக்க முடியவில்லை. விசையைச் சேமிக்கப் பிறந்த எழுத்து வழக்கம், தீயவர் கையில் மறைப்பாகப் பயன்பட்டது. பல ஆயிரம் மைல் தொலைவில் மொழியறியாத ஒருவரிடம் முறையிடுவதைக் காட்டிலும், அறைக்குள்ளேயே ஊர்மொழி தெரிந்த பொறுப்பாளர் ஒருவர் இருந்த பழைய ஐ.ஆர்.சி. முறை எவ்வளவோ மேல் என்பதைக் கண்டி நிகழ்வு காட்டியது. 2020 மே மாதத்தில், ஆர்ட்டிக்கிள் ஒன் அமைப்பின் மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்ட பேஸ்புக், இலங்கையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது.

வட்ஸ்அப் செய்த மாற்றங்கள் பல நாடுகளின் அனுபவத்தைத் தொடர்ந்தவை. 2018 ஜூன் இறுதியில் அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை அமைக்கும் வசதி வந்தது, ஐ.ஆர்.சி.யில் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்த ஏற்பாடு அது. அடுத்த மாதம் முன்னனுப்பிய செய்திக்கு அடையாளக் குறி சேர்ந்தது. வதந்தியால் கும்பல் கொலைகள் நடந்த இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி எல்லை வைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. பலமுறை சுற்றிய செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கருத்துச் சுதந்திரத்தைக் காப்பதா கட்டுப்படுத்துவதா என்ற விவாதம் அதைச் சுற்றி ஓயவில்லை.

இதற்கிடையே கொரோனா காலம் வட்ஸ்அப் குழுவை வகுப்பறையாக்கியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கண்டி மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் ஆசிரியர்கள் பாடக் குறிப்பைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள். குரல் பதிவில் விளக்கினார்கள். பல வீடுகளில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் தந்தையிடமோ தாயிடமோ. அதனால் பாடம் பகலில் வந்தாலும் விடை இரவில்தான் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மாணவர் எழுதுவதைக் குற்றமாகக் கொள்ளாதிருக்க ஆசிரியர்கள் பழகினார்கள். சுருக்கம் எவ்வளவு பரவியிருந்த தலைமுறையானாலும், அந்தக் குழுக்களில் பிள்ளைகள் 'சேர்', 'டீச்சர்', 'மிஸ்' என்று முழுதாக எழுதிவிட்டே கேள்வி கேட்டார்கள்.